தாய் உண்ட மருந்தும் சேய் உண்ட பாலும்: றக்வான மலைகள் சொல்லும் வரலாறு

மலையகம் என்றதும் நம்மவர் பலருக்கு நுவரெலியாவும் ஹட்டனும் பதுளையுமே நினைவுக்கு வரும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை உள்ளடக்கிய சப்ரகமுவ மாகாணத்திலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள் என்பதை வெளிநாடுகளில் வாழும் தமிழ் வாசகர்களுக்கு ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மாகாணத்தின் தென்பகுதியில், தெனியாயவை நோக்கி வளைந்தேறும் மலைப்பாதையின் அடிவாரத்தில் இருக்கிறது றக்வான. நமது பத்திரிகைகள் இறக்குவானை என்றும் எழுதும். கோப்பிக் காலத்திலிருந்தே தோட்டங்களைக் கண்ட ஊர் அது. கோப்பி அழிந்தபின் தேயிலை வந்தது. தாழ்ந்த சரிவுகளில் இறப்பரும் வந்தது.

இந்தத் தோட்டங்களின் வரலாற்றைக் கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் என்னும் மூன்று கோணங்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். அதிகம் எழுதப்படாத ஒரு கோணம் உண்டு. பச்சிளங் குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய் நோயுற்றபோது அவளுக்கு எந்த மருந்து கொடுக்கப்பட்டது, அந்த மருந்து பாலின் வழியே பிள்ளைக்குப் போகுமா என்று எவரேனும் கேட்டார்களா என்பதே அது. சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட தோட்ட மருத்துவத்தின் இயல்பு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

சட்டம் கண்ட தாய்

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென இலங்கையில் முதன்முதலாகச் சட்டம் இயற்றப்பட்டது 1872ஆம் ஆண்டில். 1912ஆம் ஆண்டில் அது விரிவாகத் திருத்தி அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் தொழிலாளரிடையே பரவும் நோய்கள் பற்றிய சட்டமும் வந்தது. லயன்களைச் சுகாதாரமாக வைத்திருப்பதும், நோயாளர்களைப் பற்றி அறிந்துகொள்வதும், வேண்டியபோது அவர்களை வைத்தியசாலைக்கு அனுப்புவதும் தோட்டத் துரையின் கடமைகளாயின. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளிக்க வேண்டும், அந்த ஒரு மாதத்தில் அவளை வேலைக்கு அழைக்கக் கூடாது என்ற விதியும் இருந்தது.

அந்தக் காலத்துக்கு இது பெரிய காரியமே. ஆனால் அந்த ஒரு மாதம் முடிந்த மறுநாள் அவள் மீண்டும் பெரட்டில் நின்ற ஓர் ஆள். அவளுடைய பிள்ளை பிள்ளை மடுவத்தில் இருந்த இன்னோர் உயிர். தாயையும் சேயையும் ஒரே உடலின் இரு பகுதிகளாகக் காணும் பார்வை சட்டத்துக்கு வாய்க்கவில்லை. காய்ச்சலென்று வந்தவள் தொழிலாளி. அவளை விரைவில் மலைக்கு அனுப்புவதே மருந்தின் நோக்கம்.

மருந்தைக் கொடுத்தவர் பெரும்பாலும் வைத்தியர் அல்லர். மாவட்ட வைத்திய அதிகாரி பல தோட்டங்களுக்குப் பொதுவானவர், எப்போதாவது வருபவர். அன்றாடம் நோயாளரைக் கண்டவர் தோட்டத்து டிஸ்பென்சர். பின்னாளில் தோட்ட வைத்திய உதவியாளர் எனப் பெயர்பெற்ற இவரைத்தான் தொழிலாளர் ‘டாக்டர் ஐயா’ என்று அழைத்தனர். கலவை மருந்து போத்தலில் ஊற்றித் தரப்படும். வேளைக்கு எவ்வளவு குடிப்பதென்று வாயால் சொல்லப்படும். போத்தலில் இருப்பது என்னவென்று குடிப்பவளுக்குத் தெரியாது. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாயா என்று டிஸ்பென்சர் கேட்டாக வேண்டும் என்ற முறையும் கிடையாது.

கடல் தாண்டி வந்த அறிவு

இத்தனைக்கும் தாயின் உணவும் மருந்தும் பாலில் கலக்கும் என்பது நம்மவர் அறியாத செய்தியன்று. பால் மட்டும் உண்ணும் குழந்தை, பாலும் சோறும் உண்ணும் குழந்தை, சோறு மட்டும் உண்ணும் குழந்தை எனப் பிள்ளைகளை மூவகையாகப் பிரித்து, மருந்தைத் தாய்க்கோ செவிலிக்கோ கொடுப்பதா, பிள்ளைக்குக் கொடுப்பதா, இருவருக்குமா என்று வகுத்தது பழைய ஆயுர்வேதம். பிள்ளைக்கு நோய் வந்தால் தாய் மருந்துண்பதும், பிள்ளை பெற்றவள் பத்தியம் காப்பதும் நம் வீடுகளில் இன்றும் காணும் வழக்கங்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து மலைக்கு வந்த மக்கள் காயச் சரக்கையும் பூண்டையும் பத்தியத்தையும் உடன் கொண்டுவந்தனர்.

அந்த நாட்டு அறிவில் பிழைகளும் உண்டு. பத்தியத்தின் பேரால் பிள்ளை பெற்றவளுக்கு நல்ல உணவை மறுத்த கொடுமையும் உண்டு. ஆனாலும் அடிப்படையான ஓர் உண்மையை அது விடாமல் பிடித்திருந்தது. தாய் உண்பது பிள்ளையையும் தொடுகிறது என்பதே அந்த உண்மை. டிஸ்பென்சரி மருத்துவம் இந்த அறிவை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியது. அதனிடத்தில் வேறோர் அறிவை வைக்கவுமில்லை.

கொக்கிப் புழுவும் கொயினாவும்

1916இல் அமெரிக்காவின் ரொக்கபெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. தொழிலாளரின் இரத்தசோகைக்கு அந்தப் புழு பெருங்காரணமாக இருந்தது. புழுவை வெளியேற்றச் செனபோடியம் எண்ணெய் கொடுக்கப்பட்டது. 1921இல் மோரிஸ் ஹோல் என்ற அமெரிக்க ஆய்வாளர் கார்பன் டெட்ராகுளோரைட் புழுவைக் கொல்லும் என்று கண்டறிந்தபின் அதுவும் உலகெங்கும் மருந்தாயிற்று, இலங்கையிலும் சோதிக்கப்பட்டது. ஈரலைக் கெடுக்கும் நஞ்சென்று பிற்காலத்தில் கைவிடப்பட்ட பொருள் அது.

அந்த இயக்கத்தால் நன்மை விளையவில்லை என்று கூற முடியாது. கழிப்பறைகள் கட்டப்பட்டன, இரத்தசோகை குறைந்தது. ஆனால் வரிசையில் நின்று மருந்து குடித்தவர்களில் பாலூட்டும் தாய்மாரும் இருந்திருப்பார்கள். அந்த மருந்துகள் பாலில் எவ்வளவு சேரும் என்று அளந்து சொல்லும் விஞ்ஞானம் அன்று எந்த நாட்டிலும் வளர்ந்திருக்கவில்லை. இன்று அதே புழுவுக்குக் கொடுக்கப்படும் மெபெண்டசோல், அல்பெண்டசோல் ஆகியவை குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகக் குறைவாகவே செல்கின்றன. ஆகவே பாலுக்கு வந்துசேரும் அளவும் மிகக் குறைவு. நூறாண்டு இடைவெளியில் மருந்தியல் நடந்த தூரத்தை இந்த ஒன்றே காட்டும்.

அடுத்து வந்தது பெருந்துயரம். 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் வற்றிக் குட்டைகளாயின. குட்டைகளில் நுளம்பு பெருகியது. 1934 ஒக்டோபரில் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய் 1935 வரை நீடித்து ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட பகுதிகளுள் சப்ரகமுவவின் கேகாலை மாவட்டமும் ஒன்று. இறந்தவர்களில் குழந்தைகளே மிகுதி. 1935இல் இலங்கையில் உயிருடன் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 263 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன.

அந்நாளில் மலேரியாவுக்குக் கைகண்ட மருந்து கொயினா. கசப்புக்குப் பெயர்போன அந்த மருந்தைத் தாயும் உண்டாள், பிள்ளைக்கும் புகட்டினார்கள். தாய் உண்ட கொயினா பாலில் சிறிதளவே சேர்கிறது, அந்த அளவு பிள்ளையின் காய்ச்சலைத் தீர்க்கப் போதாது என்பது பின்னாளைய அறிவு. தாய்க்குக் கொடுத்ததே பிள்ளைக்கும் போதும் என்று ஒரு வீட்டில் நம்பியிருந்தால், அந்தப் பிள்ளை மருந்தில்லாமலே காய்ச்சலில் கிடந்திருக்கும். பாலில் மருந்து மிகுதியாகச் சேர்வது ஓர் ஆபத்து. சேராததைச் சேர்ந்ததாக எண்ணுவது இன்னோர் ஆபத்து.

கேகாலைக் கிராமங்களில் நிவாரணப் பணி செய்தவர்கள் சூரியமல் இயக்கத்தினர். கலாநிதி என். எம். பெரேரா பருப்புப் பங்கிட்டதால் ‘பருப்பு மகாத்தயா’ என்று பெயர்பெற்றது அப்போதுதான். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும், தமிழரை மணந்து இலங்கையைத் தாயகமாக்கிக்கொண்ட கனடிய வைத்தியர் மேரி இரத்தினமும் மார்மைட்டைச் சிறு உருண்டைகளாக்கி வழங்கச் செய்தனர். ஈஸ்டிலிருந்து எடுக்கும் அந்தச் சாறு கர்ப்பிணிகளின் ஒருவகை இரத்தசோகையைத் தீர்க்கிறது என்று, பம்பாயில் ஆய்வு செய்த லூசி வில்ஸ் என்ற பெண் வைத்தியர் 1931இல் எழுதியிருந்தார். அதிலிருந்த பொருள் பின்பு போலிக் அமிலம் என்று அறியப்பட்டது. தாய்க்குக் கொடுப்பது பிள்ளைக்கும் நன்மையாக முடியும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதைவிட நல்ல சான்று அரிது.

மலேரியா விட்டுச்சென்ற பாடம்

1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிப்பு வந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளர்களே பதிவாயினர். கண்காணிப்புத் தளர்ந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. வளவைச் சமவெளியை நோக்கிச் சரியும் றக்வானப் பகுதிக்குக் குளிர்காய்ச்சல் அந்நியமான நோயன்று. இக்காலத்து மருந்துகள் குளோரோகுயினும் பிரிமாகுயினும். குளோரோகுயின் பாலூட்டும் தாய்க்குக் கொடுக்கத்தக்கது. பிரிமாகுயினிலோ ஒரு சிக்கல் உண்டு. ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்தவர்களின் சிவப்பணுக்களை அது உடைத்துவிடும். பிள்ளைக்கு அக்குறை இருக்கிறதா என்று தெரியாதபோது தாய்க்கு அம்மருந்தைக் கொடுக்க மருத்துவ உலகம் நெடுங்காலம் தயங்கியது. 2018இல் தாய்லாந்து, மியன்மார் எல்லைப்புறத் தாய்மாரிடம் பாலை அளந்து பார்த்தபோது, பிள்ளைக்குச் செல்லும் அளவு பிள்ளைக்குரிய மருந்தளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்று தெரியவந்தது. அச்சத்தைப் போக்கியது அளவீடு.

2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா நோயாளர் எவரும் இல்லாத நிலையில், 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போயிற்று. கேள்வி போகவில்லை.

பாலை நிறுத்து என்னும் எளிய கட்டளை

கேள்வி கேளாமல் மருந்து கொடுத்தது ஒரு காலத்தின் தவறு. அடுத்த காலத்தின் தவறு அதற்கு நேரெதிரானது. மருந்து கொடுக்கிறேன், பிள்ளைக்குப் பாலை நிறுத்து என்று யோசியாமல் சொல்வது அது. சொல்பவருக்கு இதில் அபாயமில்லை. அபாயம் முழுவதும் லயத்து அறைக்குள் இருக்கிறது. பால் நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு மாற்று என்ன? டின் பால். அதைக் கரைக்க வேண்டிய நீர் பீலித் தண்ணீர். போத்தலைக் கொதிநீரில் இடுவதற்கு விறகும் வேண்டும், நேரமும் வேண்டும். விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடுபவளுக்கு இரண்டும் இல்லை. செலவைக் குறைக்க மாவை நீர்க்கக் கரைத்தால் பிள்ளை மெலியும். நீர் கெட்டிருந்தால் வயிற்றோட்டம் வரும்.

இந்த ஆபத்தை உலகுக்கு முதலில் உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர் சிசிலி வில்லியம்ஸ். 1939இல் சிங்கப்பூரில், பாலும் கொலையும் என்ற தலைப்பில், தாய்ப்பாலுக்குப் பதிலாக டின் பாலைப் பரப்புவோரைச் சாடி அவர் உரையாற்றினார். அதன் பின் 42 ஆண்டுகள் கழித்து, 1981இல்தான், தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பது பற்றிய ஒழுக்கக் கோவையை உலக சுகாதாரப் பேரவை நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஐக்கிய அமெரிக்கா. இலங்கை அக்கோவையை விரைந்து தனதாக்கிக்கொண்ட நாடுகளுள் ஒன்று. 2016இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே உண்டனர். பெருமைக்குரிய எண்ணிக்கை அது. ஒரு சளி மாத்திரைக்காகவோ பல்வலி மாத்திரைக்காகவோ அதை இழப்பது நியாயமன்று.

கேகாலையிலிருந்து ஜெனீவா வரை

1934, 1935இல் கேகாலை மக்களிடையே நின்ற அதே வைத்தியர் விக்கிரமசிங்க, 1971இல் பேராசிரியர் சேனக பிபிலேயுடன் இணைந்து நாட்டின் மருந்துக் கொள்கை பற்றிய அறிக்கையை எழுதினார். அவ்வழியில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. பிபிலே அதன் முதல் தலைவர். தனியார் இறக்குமதி செய்துவந்த ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயர் நீங்கி மருந்தின் சொந்தப் பெயர் முன்னே வந்தது. 1977இல் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. பிபிலே காலமானதும் அதே ஆண்டில்தான்.

நமது பொருளுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்புண்டு. மருந்தின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அது பாலுக்கு ஏற்றதா என்று தேடிப் பார்க்க முடியும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1983இல் பாலூட்டலும் மருந்துகளும் பற்றிய பட்டியலொன்றை வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் தன் அத்தியாவசியப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு மருந்தையும் பாலூட்டும் தாய்க்குக் கொடுக்கலாமா என்று வகைப்படுத்தியது. 2006இல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் ‘லாக்ட்மெட்’ என்ற தகவற் களஞ்சியத்தை எவரும் இலவசமாகப் பார்க்கத் திறந்துவிட்டது.

இவையெல்லாம் சேர்ந்து சொல்லும் செய்தி எளிது. பெரும்பாலான மருந்துகளை உண்டுகொண்டே பால் கொடுக்கலாம். பரசிற்றமோல், இபுபுரோபென், அமொக்சிசிலின், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவை அவ்வகையின. காசநோய்க்கான முதல்நிலை மருந்துகளை உண்ணும் தாயும் வைத்தியரின் கண்காணிப்பில் பால் கொடுக்கலாம். எச்சரிக்கை வேண்டியவை சில. கொடெய்ன், ட்ரமடோல் ஆகிய வலிநீக்கிகள் சில தாய்மாரின் உடலில் வேகமாக மாற்றமடைந்து, பிள்ளையின் மூச்சை மந்தப்படுத்தக்கூடும். 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பாலூட்டும் தாய்மார் இவற்றைத் தவிர்க்க வேண்டுமென எச்சரித்தது. கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் டிஸ்பிரின் போன்ற அஸ்பிரின் மாத்திரையை வலிக்கென்று தொடர்ந்து உண்பதும் நல்லதன்று. சளி மாத்திரைகள் சிலவற்றில் உள்ள சூடோஎபெட்ரின் பிள்ளையைவிடப் பாலையே தாக்கும். 2003இல் வெளிவந்த சிறிய ஆய்வொன்றில், ஒருநாள் மருந்தே பாலின் அளவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தது. ஈஸ்ட்ரஜன் கலந்த குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையும் பால் சுரப்பைக் குறைக்கக்கூடும். புற்றுநோய் மருந்துகள், கதிரியக்க அயடீன் போன்ற சிலவற்றின்போது மட்டுமே பாலை நிறுத்த வேண்டிவரும்.

பிள்ளையின் வயதும் முக்கியம். தாய் உண்ட மருந்தால் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்ததாக உலக மருத்துவ ஏடுகளில் பதிவான 100 நிகழ்வுகளை 2003இல் ஆராய்ந்தபோது, 78 நிகழ்வுகளில் பிள்ளையின் வயது இரண்டு மாதமோ அதற்குக் குறைவோ. ஆறு மாதத்தைத் தாண்டிய பிள்ளைகள் நால்வரே. பிறந்த பிள்ளையின் ஈரலும் சிறுநீரகமும் முதிராதவை. உட்சென்ற மருந்தை விரைவில் வெளியேற்ற இயலாதவை. ஆகவே பாலூட்டுகிறாயா என்ற கேள்விக்குப் பின் பிள்ளைக்கு எத்தனை மாதம் என்ற இரண்டாவது கேள்வியும் வரவேண்டும். குறைமாதத்தில் பிறந்ததா என்பது மூன்றாவது கேள்வி.

எந்த மொழியில் கேட்பது?

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டம் பலமுறை திருத்தப்பட்டது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய்க்கு ஒன்பது மணி நேரத்துக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளைகள் தரவேண்டும் என்று இன்று அது விதிக்கிறது. விரைவில் செயற்பட்டு விரைவில் நீங்கும் மருந்தைப் பால் கொடுத்த உடனே உண்டால், அடுத்த பாலூட்டலுக்குள் அதன் அளவு குறைந்துவிடும் என்று மருந்தியல் கூறும். அந்த அறிவுரை கொழுந்து நிறுக்கும் நேரத்தோடும் பிள்ளை மடுவத்துக்கு இறங்கிவரும் நேரத்தோடும் பொருந்த வேண்டும். சட்டப் புத்தகத்திலுள்ள இடைவேளை மலையில் கிடைக்காவிட்டால், மருந்துப் புத்தகத்திலுள்ள அறிவுரையாலும் பயனில்லை.

மொழியும் ஒரு தடை. சப்ரகமுவவில் தமிழர் சிறுபான்மையினர். மருந்துறையில் ஆங்கிலமோ சிங்களமோ எழுதப்பட்டிருக்கும். கையெழுத்தோ எவருக்கும் புரியாது. தன் பிள்ளைக்கு நாற்பது நாளே ஆகிறது என்பதைத் தாய் தன் மொழியில் சொன்னால் விளங்கிக்கொள்ளும் ஒருவர் மருந்து கொடுக்கும் மேசைக்கு அப்பால் இருக்க வேண்டும். தமிழ் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதியிருப்பதன் பொருள் இத்தகைய இடங்களில்தான் சோதிக்கப்படுகிறது.

அதுவரை தாய்மார் கேள்வியைத் தாமே கேட்க வேண்டும். கேட்கப்படுமுன் சொல்லிவிட வேண்டும்: நான் பால் கொடுக்கிறேன்; பிள்ளைக்கு இத்தனை மாதம்; இந்த மருந்தின் பெயர் என்ன? பாலை நிறுத்தச் சொன்னால், பால் கொடுத்துக்கொண்டே உண்ணத்தக்க வேறு மருந்து உண்டா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் உண்டு. தானாக மருந்தை நிறுத்துவதும் தானாகப் பாலை நிறுத்துவதும் ஒருபோலத் தீங்கானவை. பிள்ளை வழமைக்கு மாறாக உறங்கிக்கொண்டே இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு மந்தமானாலோ உடனே வைத்தியசாலைக்குத் தூக்கிச்செல்ல வேண்டும்.

1872இன் சட்டமும் 1912இன் சட்டமும் தோட்டப் பெண்ணுக்கு மருந்து பெறும் உரிமையை ஓரளவு தந்தன. அது என்ன மருந்து என்று அறியும் உரிமையை அவை தரவில்லை. அந்த மிச்சக் கணக்கு றக்வான மலைகளில் இன்னும் தீர்க்கப்படாமலே இருக்கிறது.